வீடு தேடி வரும் பல்கலைக் கழகம்: பாடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

(கல்லூரி மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

உயர் கல்வி வகுப்பறையின் நான்கு சுவர்களை விட்டு வெளியே வருவது நம் நாட்டில் புதிதன்று. 1962ஆம் ஆண்டில் டில்லிப் பல்கலைக் கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. 1984 ஆகஸ்டு 15 அன்று பல்கலைக் கழக மானியக் குழு, தூர்தர்ஷன் வாயிலாக நாடு தழுவிய வகுப்பறை என்னும் ஒளிபரப்பைத் தொடங்கி வைத்தது. அடுத்த ஆண்டே இந்திரா காந்தி தேசியத் திறந்த நிலைப் பல்கலைக் கழகம் நிறுவப்பட்டது. இம்முயற்சிகள் யாவும் ஒரே பிரச்சினையைத் தீர்க்க எழுந்தவை: கல்வியை விரும்புவோர் பலர், கல்லூரியில் உள்ள இடங்களோ சில. கிடைத்த பாடத்தைப் படிப்பதுதான் அன்றைய மாணவனுக்கு இருந்த வழி. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியே அவனுக்கு எழவில்லை.

இன்று நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. ஏழு இந்தியத் தொழில் நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் இணைந்து 2003ஆம் ஆண்டில் என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தைத் தொடங்கின. பேராசிரியர்களின் சொற்பொழிவுகள் பதிவு செய்யப்பட்டு, யார் வேண்டுமானாலும் பார்க்குமாறு வெளியிடப்பட்டன. 2014 முதல் தேர்வும் சான்றிதழும் சேர்ந்தன. 2017 ஜூலை 9 அன்று மத்திய அரசின் 'சுயம்' தளம் தொடங்கப்பட்டது. பொறியியல் முதல் பள்ளிப் பாடம் வரை ஒன்பது தேசிய அமைப்புகள் அதற்குப் பாடங்களை அளிக்கின்றன. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில் நுட்பக் கழகம் தன் பாடங்களை உலகத்துக்குத் திறந்து விடப் போவதாக 2001ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. கோர்செரா, எட்எக்ஸ் ஆகியவை 2012இல் தோன்றின. ஆக, சிறு நகரத்தில் கைபேசி ஒன்றை மட்டும் வைத்திருக்கும் மாணவிக்கு, அல்காரிதம் என்ற ஒரே பொருளில் பாடம் சொல்லப் பத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் காத்திருக்கிறார்கள். அவர்களுள் யாரிடம் முதலில் போவது என்று சொல்லத்தான் ஆளில்லை.

'இலவசம்தானே, எல்லாவற்றிலும் சேர்ந்து பார்த்தால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. பொருளாதாரத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒரு கருத்து உண்டு. ஒன்றைச் செய்வதற்காகக் கைவிட்ட மற்றொன்றின் மதிப்பே அது. என்.பி.டி.இ.எல். பாடம் ஒன்று பன்னிரண்டு வாரம் நடந்தால், சொற்பொழிவுகளே ஏறத்தாழ 30 மணி நேரம். கேட்டதை மீண்டும் கேட்பதற்கும், வாரந்தோறும் வரும் பயிற்சிகளைச் செய்வதற்கும் அதைப் போல் இரு மடங்கு ஒதுக்காமல் முடியாது. பஸ்ஸில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் பயணம் செய்து கல்லூரிக்குப் போய் வந்து, வீட்டு வேலையிலும் கை கொடுக்கும் மாணவிக்கு இது மூன்று மாதத்து மாலைப் பொழுதுகள். தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்துக் கொண்டே முன்னேற நினைக்கும் டிப்ளமாக்காரருக்கு அது மூன்று மாதத்து உறக்கம். தவறான பாடத்தில் சேர்ந்தவர் ஐந்தாவது வாரத்தில் விட்டு விடுகிறார். பணம் போகவில்லை என்பது உண்மை. ஆனால் 'இந்தக் கணக்கும் கணிப்பொறியும் நமக்கு வராது' என்ற முடிவோடு அவர் திரும்புகிறாரே, அந்த நஷ்டம் எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. பெரும்பாலும் குறை அவர் அறிவில் இல்லை. படிக்க வேண்டிய வரிசையில்தான் இருந்திருக்கும்.

அல்காரிதம் என்றால் என்ன என்பதில் தெளிவு இருந்தால் தேர்வு எளிதாகும். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி என்ற கணித மேதையின் பெயரிலிருந்து வந்த சொல் இது. ஒரு கேள்விக்கு விடை காண, ஐயத்துக்கு இடமில்லாமல் படிப்படியாக வகுத்த, எங்காவது முடிவுக்கு வருகிற வழிமுறை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் காணும் யூக்ளிடின் முறை கி.மு. 300 அளவிலேயே வந்து விட்டது. ஆரியபட்டர் 499ஆம் ஆண்டில் இயற்றிய நூலில் உள்ள குட்டகம் என்ற முறையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அப்போது கணிப்பொறி ஏது? ஆகவே, பைத்தான் மொழியையோ சி மொழியையோ கற்பதும், அல்காரிதச் சிந்தனையைக் கற்பதும் ஒன்றல்ல. எழுத்துக் கூட்டப் பழகுவதற்கும் வழக்கை வாதிடுவதற்கும் உள்ள வேறுபாடு இவற்றுக்கிடையே உண்டு.

நிர்வாகத்தில் அன்றாடம் எழும் ஒரு வேலையைக் கொண்டு இதை விளக்கலாம். ஒரு மாநிலத்தில் 2 கோடி ரேஷன் கார்டுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒரே எண் இருமுறை பதிவாகியிருக்கிறதா என்று கண்டறிய வேண்டும். ஒவ்வொரு கார்டையும் மற்ற எல்லாக் கார்டுகளோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது எவருக்கும் முதலில் தோன்றும் வழி. அவ்வாறு செய்தால் ஏறத்தாழ 200 லட்சம் கோடி ஒப்பீடுகள் தேவைப்படும். நொடிக்கு ஒரு கோடி ஒப்பீடு செய்யும் கணிப்பொறிக்கே ஏழரை மாதம் பிடிக்கும். மாறாக, எண்களை முதலில் ஏறு வரிசையில் அடுக்கி விட்டால், இரட்டைப் பதிவுகள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்று விடும். பாதி பாதியாகப் பிரித்து அடுக்கும் முறையில் இதற்குச் சுமார் 50 கோடி படிகள் போதும். அதே கணிப்பொறியில் ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிகிறது. கணிப்பொறி மாறவில்லை, மொழி மாறவில்லை. யோசித்த முறைதான் மாறியது. முதல் வழிக்கும் அடுத்த வழிக்கும் பிழையில்லாமல் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ஏராளம். எழுதுவதற்கு முன்பே எதற்கு ஏழரை மாதம், எதற்கு ஒரு நிமிடம் என்று காகிதத்தில் கணக்கிட்டுச் சொல்லக் கூடியவர்தான் அல்காரிதம் கற்றவர்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே நிரலை எழுதித் தந்து விடுகின்றனவே, இதையெல்லாம் படிப்பானேன் என்ற கேள்வியும் வருகிறது. எழுதித் தந்தது ஏழரை மாத வகையா, ஒரு நிமிட வகையா என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். எழுதுவது மலிவாக ஆக, சரிபார்க்கும் திறனுக்கு விலை கூடும் என்றே எதிர்பார்க்கலாம்.

இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டு பாடங்களைப் பார்த்தால், அவை மூன்று படிகளில் அமைந்திருப்பது தெரியும். முதற்படி, கணிப்பொறியைத் தொட்டிராதவருக்கும் புரியும் அறிமுகம். சென்னை இந்தியத் தொழில் நுட்பக் கழகம் இணைய வழியில் நடத்தும் பட்டப் படிப்பின் அடித்தளக் கட்டத்தில் 'கணிப்பு முறைச் சிந்தனை' என்று ஒரு பாடம் உண்டு. மாணவர்களின் மதிப்பெண்களும் கடை ரசீதுகளும் ஒரு பத்தியில் உள்ள சொற்களும் எழுதிய அட்டைகளை வைத்துக் கொண்டு, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது, வடிகட்டுவது, எண்ணுவது, ஒப்பிடுவது என்று அது தொடங்குகிறது. நிரல் மொழி பிறகுதான் வருகிறது. இம்முறை மிகவும் பாராட்டுக்குரியது. ரோப்பர் இந்தியத் தொழில் நுட்பக் கழகத்தின் 'பைத்தான் வழியே கணிப்பின் இன்பம்' என்ற பன்னிரண்டு வாரப் பாடமும், கரக்பூரிலிருந்து வரும் சி மொழி வழிப் பிரச்சினைத் தீர்வுப் பாடமும் இதே படியில் வைக்கத் தக்கவை. இவை விளையாட்டாகவும் அன்றாட எடுத்துக்காட்டுகளோடும் நிரல் எழுதப் பழக்குகின்றன.

இரண்டாம் படி நிரலையும் அல்காரிதத்தையும் ஒன்றாக இணைப்பது. சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் வழி நிரல், தரவு அமைப்பு, அல்காரிதம் பாடம் எட்டு வாரம். யூக்ளிடின் முறையிலிருந்தே அது தொடங்குகிறது. மூன்றாம் படி அல்காரிதங்களை வடிவமைப்பதும் பகுத்தாய்வதும். இதே பேராசிரியர் இப்படியிலும் ஒரு பாடம் நடத்தியிருக்கிறார். அயல் நாட்டுப் பாடங்களில் முன்பு ஸ்டான்போர்டில் பணியாற்றிய டிம் ரப்கார்டன், பிரின்ஸ்டனின் ராபர்ட் செஜ்விக், கெவின் வெயின் ஆகியோருடையவை பெயர் பெற்றவை. முன்னதில் பயிற்சிகளை எந்த மொழியில் வேண்டுமானாலும் செய்யலாம். பின்னது ஜாவா மொழியைச் சார்ந்தது. மாசாசூசெட்ஸ் கழகத்தின் 'அல்காரிதங்களுக்கு அறிமுகம்' என்ற தலைப்பைக் கண்டு ஏமாந்து விடக் கூடாது. தனிநிலைக் கணிதமும் நிரல் எழுதும் பழக்கமும் உள்ளவர்களுக்கே அது அறிமுகம். முதற்படியில் நிற்க வேண்டியவர் தலைப்பில் உள்ள ஒரு சொல்லை நம்பி மூன்றாம் படியில் கால் வைப்பது இவ்வாறுதான்.

கவர்ச்சியான பெயர்கள் இதை விடப் பெரிய வலை. இயந்திரக் கற்றல், ஆழ் கற்றல் என்ற பெயர்களில் சேரும் மாணவர் பலர், இரண்டாவது வாரமே அணிகளையும் நிகழ்தகவையும் வகைக்கெழுவையும் எதிர்கொண்டு திகைக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தை மறந்து போனவருக்கு, இயந்திரக் கற்றலை நோக்கிய மிகக் குறுகிய பாதை கணித அறிமுகப் பாடம் ஒன்றின் வழியாகத்தான் செல்கிறது. சுற்று வழி போலத் தோன்றினாலும் சேர வேண்டிய இடத்தில் கொண்டு சேர்ப்பது அதுவே.

சேருவதற்கு முன் பொருத்தத்தைச் சோதிக்க ஒரு நல்ல வசதி இருக்கிறது. பழைய பருவங்களின் சொற்பொழிவுகள் யூட்யூபில் திறந்தே கிடக்கின்றன. முதல் வாரத்துச் சொற்பொழிவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது சரியாகாது. எந்த ஆசிரியரும் முதல் வாரத்தில் இனிமையாகவே பேசுவார். மூன்றாம் வாரத்துச் சொற்பொழிவு ஒன்றைப் பார்த்து, அதன் பயிற்சிக் கணக்கைத் தாளில் முயல வேண்டும். முழுவதும் விளங்கினால் பாடம் எளிது. அதற்கு நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. பாதி விளங்கி, மீதி முயன்றால் பிடிபடும் என்று தோன்றினால் அதுவே உரிய பாடம். கேள்வி என்ன கேட்கிறது என்பதே புரியவில்லையானால், ஒரு படி கீழே இறங்குவதில் அவமானம் ஒன்றுமில்லை. என்.பி.டி.இ.எல். பாடங்களில் சேர்வதற்குக் கட்டணம் கிடையாது. தேர்வுக்குத் தனியாக, பாடம் தொடங்கிச் சில வாரங்கள் சென்ற பின்னரும் பதிவு செய்யலாம். ஆகவே இரண்டு மூன்று வாரம் படித்துப் பார்த்த பின்பே பணம் கட்டினால் போதும். பல பருவங்களாகத் தேர்வுக் கட்டணம் பாடத்துக்கு 1,000 ரூபாய் என்ற அளவில் இருந்து வருகிறது.

பயிற்சி எத்தகையது என்பதையும் பார்க்க வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் பயிற்சி மட்டுமே உள்ள பாடத்தால் நிரல் எழுத வராது. எழுதிய நிரலை இயக்கிப் பார்த்து, மறைத்து வைத்த சோதனைகளில் தேறுகிறதா என்று இயந்திரமே தீர்ப்புச் சொல்லும் பாடங்கள் உண்டு. மேலே கூறிய பைத்தான் பாடம் அவ்வகை. நீச்சலைக் கரையில் நின்று கற்க முடியாது அல்லவா?

இனிச் சான்றிதழைப் பற்றி. என்.பி.டி.இ.எல். மதிப்பெண்ணில் வாரப் பயிற்சிக்கு 25, மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75 என்பது பொதுவான பிரிவு. வாரப் பயிற்சியை நண்பரிடமோ நுண்ணறிவுக் கருவியிடமோ கேட்டுச் செய்து விடலாம்; தேர்வுக் கூடத்தில் அது செல்லாது. வேலை தருபவர் ஒரு சான்றிதழை மதிப்பதற்குக் காரணம் இந்த 75தான். நேரடித் தேர்வு இல்லாமல் வீட்டிலிருந்தபடியே முடிக்கும் பாடங்களின் சான்றிதழ், கற்றுக் கொண்டதற்கு அடையாளமாகலாமே தவிர, அத்தாட்சியாவது கடினம்.

பட்டப் படிப்பில் கணக்கிடப்படும் 'கிரெடிட்' என்பது வேறு விஷயம். சுயம் வழிப் பாடங்களை ஒரு பருவத்தில் 20 சதவீதம் வரை ஏற்கலாம் என்று பல்கலைக் கழக மானியக் குழு 2016இல் விதித்தது. 2021ஆம் ஆண்டு விதிகள் அதை 40 சதவீதமாக உயர்த்தின. பன்னிரண்டு வாரப் பாடத்துக்கு மூன்று, எட்டு வாரத்துக்கு இரண்டு, நான்கு வாரத்துக்கு ஒன்று என்பது என்.பி.டி.இ.எல். பரிந்துரைக்கும் கணக்கு. ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. விதி வழிவகுத்துத் தருகிறது. குறிப்பிட்ட பாடத்தை எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்பது என்று முடிவு செய்ய வேண்டியது மாணவர் படிக்கும் நிறுவனம். எட்டு வாரம் உழைத்துத் தேறிய பிறகு, 'இது நம் பாடத் திட்டத்தில் எந்த இடத்திலும் பொருந்தவில்லையே' என்று அலுவலகம் கையை விரித்தால் பயனில்லை. சேரும் முன்பே துறைத் தலைவரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெறுவது நல்லது. வாய்ச் சொல் போதாது. துறைத் தலைவர்கள் மாறுவார்கள்.

முழுப் பட்டமே இணைய வழியில் பெற நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பை இவர்கள் அறிந்திருப்பது அவசியம். உரிய அங்கீகாரம் இல்லாமல் சில நிகர்நிலைப் பல்கலைக் கழகங்கள் தொலைநிலைக் கல்வி மூலம் பொறியியல் பட்டங்களை வழங்கி வந்தன. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்களை நீதிமன்றம் நிறுத்தி வைத்து, தனித் தேர்வில் வென்றால்தான் செல்லும் என்றது. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்களை ரத்தே செய்து விட்டது. அப்பட்டத்தின் பேரில் பதவி உயர்வு பெற்றுப் பத்தாண்டு வேலை பார்த்தவர்களும் இதில் சிக்கினர். அவர்கள் கட்டணம் கட்டியது உண்மை, படித்ததும் உண்மையாகவே இருக்கலாம். அங்கீகாரம் உண்டா என்று பார்ப்பதற்குத் தேவைப்பட்ட ஒரு நாளை மட்டும் அவர்கள் செலவிடவில்லை. அன்று அதைக் கேட்டறியவும் எளிய வழி இல்லை. இன்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, அனுமதி பெற்ற நிறுவனங்களையும் படிப்புகளையும் தன் தளத்தில் வெளியிடுகிறது. பொறியியல், மருத்துவம் போன்ற துறைகளில் இணைய வழிப் பட்டத்துக்கு அனுமதி இல்லை என்பது 2020ஆம் ஆண்டு விதிகளில் தெளிவாகவே உள்ளது. 'வீட்டிலிருந்தே பி.டெக்.' என்ற விளம்பரத்தைக் காண்பவர் அத்துடன் நிறுத்திக் கொள்ளலாம்.

சென்னை இந்தியத் தொழில் நுட்பக் கழகம் 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பு அறிவியல் பட்டமே, பொறியியல் பட்டம் அன்று. இந்த வேறுபாட்டைப் புரிந்து கொண்டு சேர்பவருக்கு அதன் அமைப்பு மிகவும் உகந்தது. நான்கு வாரம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினாலே உள்ளே நுழையலாம். அடித்தளம், டிப்ளமா, பட்டம் என்று எந்தக் கட்டத்திலும் அதற்குரிய சான்றோடு வெளியேறலாம். பாடம் வீட்டில், தேர்வு மையத்தில் என்பது இங்கும் உண்டு. குடும்ப வருமானத்தையும் பிரிவையும் பொறுத்துக் கட்டணச் சலுகை இருக்கிறது. பாதியில் நின்றவருக்கும் கையில் ஒன்று மிஞ்சும் என்ற ஏற்பாடு, முதல் தலைமுறையாகப் படிக்க வருபவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

பாதியில் நிற்பது விதிவிலக்கன்று என்பதை ஒப்புக் கொண்டாக வேண்டும். ஹார்வர்டும் மாசாசூசெட்ஸ் கழகமும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களை ஆராய்ந்து 2019இல் 'சயன்ஸ்' இதழில் வந்த கட்டுரையின்படி, 2017-18இல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 3 சதவீதத்தைச் சற்றே தாண்டினர். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்துக் கொண்டால் 46 சதவீதம். பணம் கட்டினால் அறிவு வந்து விடும் என்று இதற்குப் பொருளன்று. முடிக்க வேண்டும் என்று உறுதி பூண்டவர்கள்தான் பணம் கட்டுகிறார்கள் என்பதே பெரும் பங்கு உண்மை. ஒரு பருவத்துக்கு ஒரே பாடம் என்று வரையறுத்துக் கொள்வது இதனால்தான் நல்லது. மூன்றில் சேர்ந்து மூன்றையும் விட்டவர்களின் எண்ணிக்கை அதிகம்.

ஆய்வுக் கூடம் இல்லாமல் கற்க முடியாத தொழில் நுட்பப் பாடங்களும் உண்டு. நில அளவையையும் பற்றவைப்பையும் மின்மோட்டார் பழுதையும் திரையில் பார்த்துக் கற்றவரை யாரும் பணிமனையில் நம்பி விட மாட்டார்கள். இத்தகையவற்றில் கோட்பாட்டுக்கு இணையத்தையும் கைப்பழக்கத்துக்கு அருகிலுள்ள தொழிற் பயிற்சி நிலையத்தையோ பாலிடெக்னிக்கையோ நாடுவதே சரி. அல்காரிதம் இவ்வகையில் அதிர்ஷ்டம் செய்த பாடம். அதற்கு ஆய்வுக் கூடம் ஒரு தாளும் பென்சிலும், பிறகு ஒரு சாதாரணக் கணிப்பொறியும்தான். கைபேசியில் சொற்பொழிவு கேட்கலாம். ஆனால் நிரல் எழுதிப் பழக விசைப் பலகை வேண்டும். கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தை மாலை ஏழு மணி வரை திறந்து வைப்பது எந்தப் புதிய திட்டத்தையும் விடக் குறைந்த செலவில் இக்குறையைத் தீர்க்கும்.

மொழியும் ஒரு தடை. விரிவுரைகளின் உரை வடிவம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பல பாடங்களுக்குக் கிடைக்கிறது. தமிழ் வழியில் படித்தவர் முதல் இரண்டு வாரம் அதைத் துணையாகக் கொண்டு, ஆங்கிலக் கலைச்சொற்களைத் தனித் தாளில் எழுதிக் கொண்டு போனால், நான்காவது வாரத்தில் ஆசிரியரின் பேச்சே பழகி விடும்.

கல்லூரிகளின் பங்கு இங்கேதான் வருகிறது. என்.பி.டி.இ.எல். திட்டத்தில் கல்லூரிகள் உள்ளூர்க் கிளைகளாகச் சேரலாம். ஆசிரியர் ஒருவர் தொடர்பாளராக இருப்பார். பல இடங்களில் அவர் வேலை பெயர்ப் பட்டியல் அனுப்புவதோடு முடிந்து விடுகிறது. எத்தனை பேர் சேர்ந்தனர் என்ற எண்ணிக்கையைப் பெருக்குவதில் காட்டும் ஊக்கத்தை, எந்த மாணவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்ப்பதில் காட்டினால் நன்று. ஒரே பாடத்தை எடுத்த ஐந்தாறு பேரை வாரம் ஒரு முறை ஓர் அறையில் உட்கார வைத்து, அவ்வாரப் பயிற்சியைப் பேச விட்டாலே போதும். தனியாக இருந்தால் ஐந்தாவது வாரத்தில் நின்றிருக்கக் கூடியவர் பன்னிரண்டாவது வாரத்தையும் கண்டு விடுவார். ஆண்டுக்கு இரு பருவங்கள், ஜனவரியிலும் ஜூலையிலும் பாடங்கள் தொடங்குகின்றன. பட்டியல் அதற்குச் சில வாரங்கள் முன்பே வெளியாகி விடும். மூன்றாம் வாரச் சொற்பொழிவைப் பார்த்து, கணக்கைப் போட்டு, துறைத் தலைவரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குவதற்கு அந்த இடைவெளி போதுமானது.